மானிப்பாயில் எழுந்த வினா
இலங்கையின் மருத்துவப் பணியாளர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சிறு நாடொன்று தனக்கு வேண்டிய வைத்தியரையும் தாதியரையும் மருத்துவ மாதரையும் எவ்வாறு பெற்றுக்கொள்கின்றது என்பது எண்ணிக்கை பற்றிய வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. எத்தனை கல்லூரிகள், எத்தனை மாணவர், எத்தனை பட்டங்கள் என்று கணக்கிடுவதோடு ஆராய்ச்சி நின்றுவிடுவதுண்டு. ஆனால் பயிற்றப்பட்டவர் எங்கே நிலைத்தனர், யாருக்குப் பணிபுரிந்தனர் என்பவற்றை நோக்குமிடத்து அவ்வினா வேறொரு வடிவம் பெறுகின்றது. இலங்கையில் இதனை முதன்முதல் தெளிவாக உணர்ந்து விடைகாண முயன்ற இடங்களுள் மானிப்பாய் குறிப்பிடத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவம் பரவுவதற்கு அமெரிக்க மிசனரிமார் வழிகோலினர். 1820 இல் பண்டத்தரிப்பிற் பணியைத் தொடங்கிய டொக்டர் ஜோன் ஸ்கடரும், அவருக்குப் பின் வட்டுக்கோட்டையிற் பணியாற்றிய டொக்டர் நேதன் வாட்டும் முன்னோடிகளாவர். 1847 இல் இங்கு வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஒரு மருத்துவர் தனித்து நின்று குடாநாடு முழுவதற்கும் சிகிச்சை செய்தல் இயலாதென்பதை விரைவில் உணர்ந்தார். நோயாளரைக் குணப்படுத்துவதிலும் வைத்தியரை உருவாக்குவதே பயனுடையது எனக் கொண்டு, 1848 இல் மாணவரைச் சேர்த்துப் பயிற்றத் தலைப்பட்டார். மானிப்பாய் அப்பணிக்கு நிலைக்களமாயிற்று.

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. அதன் விளைவு எதிர்பார்த்ததாக அமையவில்லை. ஆங்கிலத்தில் மருத்துவங் கற்ற இளைஞருக்கு அரசாங்க உத்தியோகமும் பிறவிடங்களில் உயர்ந்த வேதனமும் காத்திருந்தன. கற்றவர் வெளியேறினர், கிராமங்களோ முன்னிருந்த நிலையிலேயே இருந்தன. ஆங்கிலம் கிராமத்துக்கு வைத்தியரைக் கொண்டுவரும் வழியாக அமையாது, கிராமத்திலிருந்து அவரைக் கொண்டுசெல்லும் வழியாக அமைந்தது. இதனைக் கண்ட கிறீன், தமிழிற் கற்றவனே தமிழ்க் கிராமத்தில் நிலைப்பான் என்னும் முடிவுக்கு வந்து, 1864 இலிருந்து தமிழ்மொழி மூலம் மருத்துவங் கற்பித்தார். மாணவர் தம் நடையுடை பாவனைகளிலும் ஊராரினின்று வேறுபடலாகாது என்பது அவர் கொள்கையாயிருந்தது.

இம்முயற்சிக்கு நூல்கள் வேண்டியிருந்தன. 1852 இலேயே ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ வெளிவந்துவிட்டது. ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலும், ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் வெளிவந்தன. கிறீன் 1873 இல் தாயகம் மீண்ட பின்னரும் பணி தொடர்ந்தது. ‘கெமிஸ்தம்’ 1875 இல் வெளியாயிற்று. டன்போத், சப்மன் முதலாய அவர்தம் மாணவரின் உழைப்பும் இந்நூல்களில் அடங்கியுள்ளது. பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைப்பின் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், அதுவும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலிவடிவையும் ஏற்றுக்கொண்டமையை ‘அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் பெயர்களே புலப்படுத்தும். இவற்றைக் கலைச்சொல் வரலாற்றின் பகுதியாக மட்டும் போற்றுதல் போதாது. அவை வைத்தியரை ஊரில் நிறுத்துவதற்கெனச் செய்யப்பட்ட கருவிகளாகும். கிறீனிடம் பயின்று வெளியேறிய அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் தமிழிற் கற்றவராவர்.

இக்காலத்தே தலைநகரில் வேறொரு முயற்சி உருவாகியது. வன்னியின் குடித்தொகை அருகியமை பற்றியும் அங்கு பரவிய பறங்கி நோய் பற்றியும் ஆராய்ந்த டொக்டர் ஜேம்ஸ் லூஸ், உள்நாட்டவரை மருத்துவராகப் பயிற்றுதல் அவசியமென எடுத்துரைத்தார். அதன் பயனாக 1870 இல் கொழும்பு மருத்துவப் பாடசாலை நிறுவப்பட்டது. வைத்தியரின்றி அழிந்த வன்னிக் கிராமங்களின் துயரமே தலைநகரத்துப் பாடசாலைக்குக் காரணமாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. அங்குக் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. 1880 இல் அது கல்லூரியாக உயர்ந்தது. பின்னர் அதன் சான்றிதழ் பெற்றோர் பிரித்தானியாவிலும் தொழில்புரியும் உரிமை பெற்றனர். தரத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் என்ற வகையில் அது பெருமைக்குரியதே. ஆயினும் கடல்கடந்து செல்லும் வாயிலும் அதனோடு திறக்கப்பட்டது.

இனி, மானிப்பாய் முயற்சியின் குறைபாட்டையும் மறைத்தலாகாது. விரைந்து வளர்ந்த மேனாட்டு மருத்துவத்துக்கு ஈடாகத் தமிழ் நூல்களை இடையறாது புதுப்பிப்பதற்கு ஒரு சிலரின் உழைப்பு போதுமானதாயில்லை. அரசாங்க அங்கீகாரமும் உயர்பதவியும் ஆங்கிலக் கல்வியைச் சார்ந்திருந்தமையால், கிறீன் சென்றபின் தமிழ்வழி வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. வைத்தியனை ஊரிற் கட்டிவைத்த அதே மொழி அவனது முன்னேற்றத்துக்கும் எல்லை வகுத்தது. ஊரின் நலனும் தனிமனிதனின் நியாயமான வேட்கையும் இங்கு முரண்படுகின்றன. இம்முரண்பாட்டைப் பேராசை என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது விடையாகாது.

முழுத் தகைமை பெற்ற வைத்தியர் செல்லாத இடங்களை நிரப்பியவர் யாவர்? கிராமிய மருந்தகங்களில் அப்போதிக்கரிமார் பணியாற்றினர். மலையகத் தோட்டங்களில், 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை அடுத்து மருத்துவ ஏற்பாடுகள் தோன்றினவெனினும், தொழிலாளர் பெரும்பாலும் கண்டது டிஸ்பென்சரையே. 1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தபோது, ஈரவலயக் கிராமங்களில் மருத்துவ வசதி எவ்வளவு அருகியிருந்தது என்பது நாடறிய வெளிப்பட்டது.

இவ்வரலாற்றில் உரிய இடம் பெறாத ஒருவர் மருத்துவ மாது ஆவார். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டபின், பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் குறித்த பகுதிகளுக்குப் பொறுப்பாக நியமிக்கப்படும் முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. தம் மக்களின் மொழியைப் பேசி, அவர்கள் நடுவே வாழ்ந்து, வீடு வீடாகச் சென்று அவர்கள் பணிபுரிந்தனர். 1930 களில் 100,000 பிறப்புகளுக்கு 2,000 இற்கு மேலிருந்த தாய்மார் இறப்பு, 1990 களில் 100 இற்குக் கீழ் இறங்கிற்று. மலேரியா ஒழிப்பு, புதிய மருந்துகள், இலவச வைத்தியசாலைகள், பெண்கல்வி ஆகியனவும் இதற்குக் காரணங்களே. எனினும் அவ்வசதிகளைக் குடிசை வாயிலுக்குக் கொண்டுசென்றவர் இம்மாதராவர். கிறீன் தேடிய விடை, அவர் எண்ணியிராத வேறொரு வகையில், இங்கு ஓரளவு நிறைவேறியது எனலாம்.

சுதந்திர இலங்கையும் அப்பழைய வினாவினின்று விடுபடவில்லை. 1961 இல் கட்டாய அரசசேவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1962 இல் பேராதனையிலும் 1978 இல் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடங்கள் தோன்றின. இலவசக் கல்வியாற் கமக்காரர் பிள்ளைகளும் வைத்தியராயினர். ஆயினும் 1970 களிலும், 1983 இன் பின்னர் போர்க்காலத்திலும், 2022 இன் பொருளாதார நெருக்கடியிலும் வைத்தியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். வறிய மக்களின் வரிப்பணத்தாற் பயிற்றப்பட்டவரைச் செல்வ நாடுகள் செலவின்றிப் பெற்றுக்கொள்கின்றன. அவர்கள் வெளியேறுமிடத்து முதலில் வெறுமையடைவது கொழும்பன்று. எல்லைப்புறக் கிராமத்து வைத்தியசாலையே.

சட்டத்தால் ஒருவரைச் சில ஆண்டுகள் நிறுத்தலாம். நிலைக்கச் செய்தல் அரிது. ஊரோடு பிணைக்கும் பயிற்சி, ஊரிலிருந்தே உயர்வதற்கு வழி, பிள்ளைகளுக்குக் கல்வி, பணிக்கேற்ற ஊதியமும் மதிப்பும் ஆகியன ஒருங்கே அமையுமிடத்தன்றிப் பற்றாக்குறை தீராது. மானிப்பாய் இவற்றுள் முதலாவதை அளித்தது. ஏனையவற்றை அளிக்க அதனால் இயலவில்லை. அவற்றை அளித்தல் அரசினதும் சமூகத்தினதும் கடமையாகும். பட்டம் வழங்குவதோடு தம் பணி முடிந்ததெனக் கருதும் பல்கலைக்கழகங்களும், மாணவராகிய நாமும், இவ்வரலாற்றைக் கருத்திற் கொள்ளுதல் தகும்.