கட்டுமரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு

தறியோசையில் வளர்ந்த தேசூர்க்காரன் ஒருவன் கடற்படகைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். எங்களூரில் பட்டு உண்டு, தறி உண்டு, கடல் இல்லை. எனினும், ஆசிரியப் பயிற்சி முடித்து 1984-ஆம் ஆண்டில் நான் முதன்முதலாகப் பணியேற்றது மரக்காணத்தை அடுத்த கடலோரக் குப்பம் ஒன்றின் பள்ளியிலேதான். அங்குக் கற்பித்ததைவிட நான் கற்றுக்கொண்டதே மிகுதி. அவ்வாறு கற்றவற்றுள் ஒன்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன். கடலுக்குச் செல்லும் படகை எப்பொருளால் செய்வது? இவ்வினாவுக்கு நம் கரை காலந்தோறும் அளித்த விடை யாது?

சங்கப் புலவர்கள் மீன்பிடி படகைத் திமில் என்றனர். நாம் அறிந்த காலத்தில் சோழமண்டலக் கரையின் தனிச்சிறப்பாக விளங்கியது கட்டுமரம். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இதனைக் குறிப்பிட்டார். நம் தமிழ்ச்சொல்லே உருத்திரிந்து உலக மொழிகளிற் புகுந்தது. சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளின் தோற்றத்தை ஆராய்ந்து எழுதியபோதும், கட்டுமரத்துக்கு உரிய இடத்தை அளித்தார்.

குப்பத்து மக்கள் அதனைக் கட்டுமரம் என்றுகூடச் சொல்வதில்லை. ‘மரம்’ என்றே சொல்வர். இலேசான கட்டைகள் சிலவற்றைக் கயிற்றால் இறுகக் கட்டினால் மரம் ஆயிற்று. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து உலர வைப்பர். ஆணி இல்லை, அடைப்பு இல்லை, மூழ்கும் என்ற அச்சமும் இல்லை. ஆணி ஏன் அடிப்பதில்லை என்று மாணவன் ஒருவனின் பாட்டனாரை நான் வினவியதுண்டு. “வாத்தியாரே, அலை அடிக்கிற அடியில் ஆணி தாங்காது, கட்டு தாங்கும்” என்றார் அவர்.

அச்சிறு விடையில் இக்கரையின் படகு வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது. மேற்குக் கரையைப்போல் இங்கே காயல்கள் மிகுதியாக இல்லை. மணற்கரையில் அலைகள் வந்து மோதி உடைகின்றன. படகு அந்த அலையைப் பிளந்து வெளியேற வேண்டும். திரும்புகையில் மணல்மீது மோதி ஏற வேண்டும். விறைத்து நிற்கும் பொருள் உடையும். இசைந்து கொடுக்கும் பொருள் பிழைக்கும். சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பலிலிருந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகுகளின் பலகைகளும் இக்காரணம் பற்றியே ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன.

விடுதலைக்குப் பின் புதுமை வந்தது. 1952-இல் இந்தோ-நார்வே ஒப்பந்தம் உருவாகி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இயந்திரப் படகுப் பணி தொடங்கிற்று. துறைமுகமுள்ள ஊர்கள் இதனால் வளர்ந்தன. வெறும் மணற்கரையை நம்பிய குப்பங்களோ பழைய மரத்தோடே நின்றன. அம்மரத்துக்கும் இடையூறு நேர்ந்தது. மலைக்காடுகளிலிருந்து வரவேண்டிய பருத்த கட்டைகள் அரிதாகி, விலை ஏறியது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கட்டுமரக் கட்டைகளின் ஆயுளை நீட்டிக்கும் வழியைத் தன் தொடக்க ஆய்வுகளுள் ஒன்றாகக் கொண்டது என்றால், அக்குறையின் ஆழத்தை நீங்கள் உணரலாம். அதே காலப்பகுதியில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்சியம் நாட்டிலிருந்து வந்த பியர் கில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். பலகைகளைக் கம்பியால் தைத்து, பொருத்துவாய்களைக் கண்ணாடியிழையால் மூடும் முறை அது. பழைய தையல் புதிய உருவில் மீண்டது எனலாம்.

மரத்துக்கு மாற்றாக உலகம் அப்போது இரு பொருள்களை முன்வைத்தது. ஒன்று அலுமினியம்; மற்றொன்று கண்ணாடியிழை. இரண்டன் இயல்பையும் சற்றுக் காண்போம்.

அலுமினியம் எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது. மக்னீசியம் கலந்தால் உப்புநீரைத் தாங்கும். பாறையில் மோதினால் பெரும்பாலும் நெளியுமேயன்றிப் பிளவாது. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சால்மன் பிடிப்போர் இன்றும் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். நம் நாட்டிலும் இது அறியப்படாத பொருளன்று. 1957-இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப்படகின் அடிப்புறத்தைத் துளைப்புழுவிடமிருந்து காக்கச் செப்புத் தகட்டுக்கு மாற்றாக அலுமினியக் கலவைத் தகட்டை ஆராய்ந்தது. மேட்டூரில் 1965 முதல் பல்லாண்டுகள் அலுமினியம் உருக்கப்பட்டும் வந்தது.

ஆயினும் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. பித்தளை ஆணியோ செப்புக் கம்பியோ அதனைத் தொட்டிருக்க, இடையில் உப்புநீரும் சேர்ந்தால், மின்கலத்தில் நிகழ்வதுபோல் அலுமினியம் அரித்துப்போகும். அடுத்தது பற்றவைப்பு. இவ்வுலோகம் 660 பாகை செல்சியசில் உருகும். ஆனால் அதன்மேல் படிந்த ஆக்சைடுப் படலம் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். அப்படலத்தை நீக்கி, ஆர்கான் வாயுவின் காப்பில், தேர்ந்த கையால் பற்றவைத்தாலன்றிப் பிணைப்பு நில்லாது. இரும்புக் கதவு செய்யும் பட்டறைக்காரரால் ஆகும் செயலன்று அது.

கண்ணாடியிழையின் கதை வேறு. மணலை உருக்கி இழையாக்கி, அவ்விழையைத் துணியாகவும் விரிப்பாகவும் ஆக்கி, அச்சின்மேல் பரப்பி, பாலியெஸ்டர் பிசினை ஊற்றித் தூரிகையால் தேய்க்கிறார்கள். சில மணி நேரத்தில் அது இறுகிவிடுகிறது. அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் 1942-இல் இம்முறையில் படகொன்றைச் செய்தார். முதன்முறை அந்தக் கண்ணாடித் துணியை நான் கையில் எடுத்துப் பார்த்தபோது திகைத்து நின்றேன். பாவும் ஊடுமாக நெய்த துணி அது! எங்களூர்ப் பட்டைப்போல் மென்மை இல்லையேயன்றி, நெசவு நெசவே. அலையைத் தாங்கும் படகு நூலால் ஆனது என்று எங்கள் நெசவாளரிடம் சொன்னபோது, அவர்கள் நம்ப மறுத்தார்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அப்பொழுது நான் உள்நாட்டுப் பள்ளியொன்றில் தலைமையாசிரியன். செய்தி கேட்டுப் பழைய குப்பத்துக்கு ஓடினேன். மரங்கள் முறிந்து சவுக்குத் தோப்பில் கிடந்தன. பின்னர் உதவி குவிந்தது. இழந்த மரங்களின் இடத்தில் கண்ணாடியிழைப் படகுகள் வந்து இறங்கின. பல தலைமுறைகள் நடந்து கடக்க வேண்டிய மாற்றத்தைக் குப்பங்கள் ஓரிரு ஆண்டுகளில் கடந்தன. விரைந்து செய்தவற்றுள் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன.

என் பழைய மாணவன் ஒருவனுக்குக் கிடைத்த படகு அத்தகையது. இரண்டாம் ஆண்டிலேயே அதன் அடிப்புறம் விரிந்தது. கடலில் இருந்தபோது நீர் ஏற, அவனும் தம்பியும் மீன்களைக் கொட்டிவிட்டு, நீரை இறைத்தபடியே கரை சேர்ந்தனர். மரத்தில் சென்ற அவன் பாட்டனாருக்கு அத்தகைய அச்சம் நேர்ந்ததே இல்லை. நான் மனம் வருந்தி, “அலுமினியப் படகு என்று ஒன்று உண்டே, அப்பா, அதைக் கேட்டிருக்கலாகாதா?” என்றேன்.

அவன் சிரித்தான். “ஐயா, அதில் ஓட்டை விழுந்தால் யார் அடைப்பார்கள்? இதுவென்றால் நானே அடைப்பேன்” என்றான். மறுநாள் விரிசலைச் சுற்றித் தேய்த்து, துணியை வெட்டி அடுக்கி, பிசின் பூசினான். வெயிலில் அது இறுகிற்று. அதற்கு மறுநாள் விடியலில் படகு கடலில் இருந்தது. அவனுக்கு வேதியியல் கற்பித்தவன் நான். அன்று அவன் எனக்குக் கற்பித்தான்.

வலிமையில் தோற்று அலுமினியம் இக்கரையை இழக்கவில்லை. அதனைச் செப்பனிடும் கை தொலைவில் இருந்தது. கண்ணாடியிழையைச் செப்பனிடும் கை குப்பத்திலேயே இருந்தது. ஒருநாள் படகு கரையில் கிடந்தால் ஒருநாள் அடுப்பு எரியாத வீட்டில், இதைவிடப் பெரிய நியாயம் வேறு வேண்டுவதில்லை. கட்டுமரம் நெடுங்காலம் நிலைத்ததும் இதே காரணத்தால்தான். அவிழ்க்கவும் கட்டவும் மீனவன் கையே போதுமாயிருந்தது.

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. சென்ற ஆண்டு அக்குப்பத்துக்கு மீண்டும் சென்றேன். ஆழிப்பேரலைக்குப் பின் வந்த படகுகள் பல உடைந்து மணலில் புதைந்து கிடந்தன. முதிர்ந்த மரம் அடுப்புக்கு விறகாகும். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம். புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே அதற்குப் போதும். இறுகிய கண்ணாடியிழையோ மீண்டும் உருகாது, எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது. செப்பனிடும் உரிமையை மீனவனுக்கு அளித்த பொருள், அப்புறப்படுத்தும் சுமையையும் அவன் கரையிலேயே விட்டுச் செல்கிறது. அச்சுமை அவன் ஒருவனுடையதாக இருத்தல் நீதியாகாது. கடலோர மாணவருள் சிலரேனும் அலுமினியப் பற்றவைப்பைக் கற்றுக் குப்பத்திலேயே பட்டறை வைப்பாராயின், நாளைய படகுக்கு அவர் மக்கள் வேறு விடை காணவும் கூடும்.

எப்பொருள் சிறந்தது என்று கேட்பதற்குமுன், அது பழுதானால் யார் கை அதைத் திருத்தும், பயன் முடிந்தால் யார் கரையில் அது கிடக்கும் என்று கேட்கப் பழகுவோம். தறியில் அறுந்த இழையைத் தானே முடிந்துகொள்ளும் நெசவாளர் ஊரில் பிறந்தவன் என்ற முறையில் இதனைச் சொல்லி அமைகிறேன்.