முகாம் கலைந்த பிறகு: அயல்நாட்டுத் தன்னார்வ மருத்துவம் கடந்து வந்த பாதை

அமெரிக்க மிஷன் 1819இல் ஜான் ஸ்கடர் என்ற மருத்துவரை இலங்கைக்கு அனுப்பியது. பண்டத்தரிப்பில் அவர் தொடங்கிவைத்த பணியை 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறொரு தளத்துக்குக் கொண்டு சென்றார். சமயம் பரப்புவதே இவர்களை அனுப்பியவர்களின் முதல் நோக்கம். ஆனால், மானிப்பாயில் கிறீன் நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்காமல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தையும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், 1860களில் தமிழிலேயே. ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்று பாடநூல்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் அச்சேறின. 1873இல் அவர் தாயகம் திரும்புவதற்குள் 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவர்களாகியிருந்தனர்.

அடுத்த நூற்றாண்டில், ஆண்டுக்கணக்கில் தங்கிப் பணியாற்றியவர்களின் இடத்தில் குறுகிய காலத்துக்கு வந்துபோகும் தன்னார்வலர்கள் பெருகினர். இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பது ‘ஹோப்’ கப்பல். அமெரிக்கக் கடற்படையின் பழைய மருத்துவமனைக் கப்பலைக் கேட்டு வாங்கிய இதய மருத்துவர் வில்லியம் வால்ஷ், 1960இல் அதை இந்தோனேசியாவுக்கு அனுப்பினார். 1968இல் அது இலங்கைக்கும் வந்தது. சென்ற துறைமுகங்களில் மாதக்கணக்கில் நங்கூரமிட்டு, உள்ளூர் மருத்துவர்களையும் தாதியரையும் அருகில் வைத்துக்கொண்டே அது பணியாற்றியது. 1974இல் கப்பல் ஓய்வு பெற்றது.

குறுகிய பயணங்களின் வலிமையையும் வரம்பையும் உதட்டுப் பிளவு சிகிச்சையில் தெளிவாகக் காணலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறுவை மருத்துவர் டொனால்டு லாப் 1969இல் ‘இன்டர்பிளாஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினார். 1982இல் வில்லியம் மகீ என்ற மருத்துவரும் தாதியான அவர் மனைவி கேத்லீனும் ஒரு குழுவோடு பிலிப்பைன்ஸின் நாகா நகருக்குச் சென்றனர். ஏறத்தாழ 40 குழந்தைகளுக்கு அறுவை நடந்தது. சுமார் 250 குழந்தைகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மீண்டும் வருவோம் என்று அவர்கள் கொடுத்த வாக்கிலிருந்து பிறந்ததே ‘ஆபரேஷன் ஸ்மைல்’.

மீண்டும் வருவது மட்டும் போதுமா? பிறந்து சில மாதங்களில் உதட்டைத் தைக்க வேண்டும். அண்ணமும் பிளந்திருந்தால் ஒரு வயதையொட்டி அதை மூட வேண்டும். தைத்த அண்ணத்தில் சில நேரம் துளை விழும். அதன்பின் பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை, பல் வரிசையைச் சீராக்குதல் என்று சிகிச்சை பதின்பருவம் வரை நீளும். ஒரு வார முகாமில் அடங்காத வேலை இது. 1999இல் தொடங்கிய ‘ஸ்மைல் டிரெயின்’ இதை உணர்ந்து, வெளிநாட்டுக் குழுக்களை அனுப்புவதைவிட அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பண உதவியும் அளிக்கும் வழியைத் தேர்ந்தது.

பல் மருத்துவத்தில் திருப்பம் வேறு வழியாக வந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் பல் குடையும் எந்திரம் ஓடாது. ஆகவே முகாம்களில் பெரும்பாலும் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதே சிகிச்சையானது. 1980களின் நடுவில் தான்சானியாவில் யோ பிரென்கென் என்ற பல் மருத்துவர் கைக்கருவிகளை மட்டும் கொண்டு ஒரு முறையை உருவாக்கினார். மென்மையாகிப்போன சொத்தைப் பகுதியைச் சிறு கருவியால் சுரண்டி எடுத்து, குழியில் கிளாஸ் அயனோமர் சிமெண்டை விரலால் அழுத்தி நிரப்புவார்கள். அந்தச் சிமெண்ட் பல்லோடு ஒட்டிக்கொண்டு புளூரைடையும் கசியவிடும். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது. 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரப்ப முன்வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரே பள்ளிக்கூட மேசையில் குழந்தையைப் படுக்கவைத்துப் பல்லைக் காப்பாற்றும் நிலை இப்படி உருவானது.

இன்றும் இத்தகைய குறுகிய பயணங்கள் தொடர்கின்றன. விடுப்பெடுத்துச் சொந்தச் செலவில் செல்லும் மருத்துவர்களின் நல்ல மனம் போற்றத்தக்கது. அந்த உழைப்பு வீணாகாதிருக்க, கிளம்புமுன் உள்ளூர் மருத்துவமனையோடு பேசி, தையல் பிரிப்பது யார், காய்ச்சல் வந்தால் பார்ப்பது யார், நோயாளியின் குறிப்பேடு யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு அறுவையிலும் எதிர்ப்பக்கம் நிற்பவர் அந்த ஊர் மருத்துவராக இருக்க வேண்டும். பயணச் செலவில் ஒரு பங்கை அவருடைய பயிற்சிக்கென்று முதலிலேயே ஒதுக்கிவைப்பதும் அவசியம்.