டல்லாஸில் இரண்டு தோல்விகள்

1963ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் ஃபுட்பால் அணி பதினொரு ஆட்டங்கள் ஆடி ஒன்பதில் வென்றது. தோற்ற இரண்டும் டல்லாஸ் நகரில், ஒரே அரங்கில்: காட்டன் பவுல். முதல் தோல்வி அக்டோபர் 11இல். அடுத்தது 1964 ஜனவரி 1இல். இடையே நவம்பர் 22 அன்று, அதே ஊரில்தான் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். தற்செயல்தான், வேறென்ன? ஆனாலும் அந்தப் பருவத்தை வெறும் விளையாட்டுச் செய்தியாக என்னால் வாசிக்க முடிவதில்லை.

ஃபுட்பால் என்றால் இங்கே நம்ம ஊர்க் காற்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மேரிலாந்து மாநிலம் அன்னாபொலிஸில் இருக்கும் அந்தக் கல்லூரியை அமெரிக்கர்கள் 'நேவி' என்பார்கள். வெஸ்ட் பாய்ண்டில் இருக்கும் தரைப்படைக் கல்லூரி 'ஆர்மி'. மற்றப் பல்கலைக்கழகங்களின் நல்ல ஆட்டக்காரர்கள் பட்டம் வாங்கியதும் சம்பளத்துக்கு ஆடப் போகலாம். இவர்களுக்கு முதலில் சீருடை, பல வருடக் கட்டாயச் சேவை. 1963இல் களத்தில் நின்ற பையன்களுக்கு அந்தச் சேவை எங்கே காத்திருந்தது என்பது அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. நமக்கு இப்போது தெரியும், நமக்குப் பக்கத்துக் கடலோரம்தான்.

நேவியின் பயிற்றுநர் வேய்ன் ஹார்டின். பந்தை எறிபவர் ரோஜர் ஸ்டாபாக், மூன்றாம் ஆண்டு மாணவர். பிடிக்க வருகிறவர்களிடமிருந்து நழுவி, பின்னால் ஓடி, பக்கவாட்டில் ஓடி, 'இவர் கதை முடிந்தது' என்று நினைக்கும்போது பந்தை எறிந்துவிடுவார். வெஸ்ட் வர்ஜீனியாவை 51-7 என்று துவைத்தார்கள். மிச்சிகன் 26-13. பிறகு டல்லாஸில் சதர்ன் மெதடிஸ்ட் அணியிடம் 28-32 என்று சறுக்கல். அந்த ஆண்டு வேறு யாரிடமும் தோற்காத பிட்ஸ்பர்க், நேவியிடம் தோற்றது. நோட்டர் டேமை 35-14 என்று வென்றார்கள். நோட்டர் டேமை நேவி அடுத்து வென்றது 2007இல், நாற்பத்து நான்கு வருடம் கழித்து! 'லைஃப்' இதழ் ஸ்டாபாக்கின் படத்தை அட்டைக்குத் தயார் செய்தது. கென்னடி இறந்ததும் அந்த அட்டை நீக்கப்பட்டு அவர் படம் ஏறியது.

ஆர்மிக்கும் நேவிக்கும் ஆண்டிறுதி ஆட்டம் நவம்பர் 30 என்று குறித்திருந்தார்கள். கென்னடி இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரி. அதிபரான பிறகு 1961, 1962 இரண்டு வருடமும் நேரில் வந்து, பாதி நேரம் ஒரு கல்லூரியின் பக்கமும் மீதி நேரம் மறு பக்கமும் உட்கார்ந்து பார்த்தார். முப்படைத் தளபதி என்பதால் பொதுவாக இருக்க வேண்டுமே!

அவர் இறந்த பிறகு ஆடலாமா? தொழில்முறைக் கூட்டமைப்பு கொலை நடந்த இரண்டாம் நாளே ஆட்டங்களை நடத்தியது. அதன் தலைவர் பீட் ரோசெல் அதை எண்ணிப் பிற்காலத்தில் வருந்தினார். ஆர்மி-நேவி ஆட்டமோ கென்னடி குடும்பத்தின் விருப்பப்படி ஒரு வாரம் தள்ளி, டிசம்பர் 7இல் நடந்தது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட நாள் அது. தேதிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நமக்கு அது டிசம்பர் 8, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய நாள்.

அந்த ஆட்டம் தேசத்தின் காயத்தை ஆற்றியது என்று எழுதுகிறார்கள். இருபது வயதுப் பையன்கள் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றுவது எனக்கு உவப்பில்லை. இறுதிச் சடங்கு முடியக் காத்திருந்து, பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அதுவே மரியாதைதான்.

பிலடெல்ஃபியாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். பேட் டானலி மூன்று முறை கோட்டைக் கடக்க, கடைசிக் கால்பகுதியில் நேவி 21-7 என்று முன்னிலை. அப்போது ஆர்மியின் ரோலி ஸ்டிக்வே பந்தோடு உள்ளே புகுந்தார். சி.பி.எஸ். தொலைக்காட்சியின் டோனி வெர்னா பெரிய ஒளிநாடா இயந்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். ஸ்டிக்வே புகுந்த அதே காட்சி சில நொடிகளில் திரையில் மறுபடியும் ஓடியது. பார்ப்பவர்கள் குழம்பக் கூடாதே என்று, இது நேரலை இல்லை, ஆர்மி மறுபடி புள்ளி எடுக்கவில்லை என்று வர்ணனையாளர் லிண்ட்சி நெல்சன் விளக்க வேண்டியிருந்தது. இன்று நடுநிசியில் கண்விழித்துப் பிரிமியர் லீக் பார்த்து, வி.ஏ.ஆர். தீர்ப்புக்கு நடுவரைத் திட்டுகிறோமே, அந்த உடனடி மறுஒளிபரப்பு தொடங்கியது இங்கேதான்.

கூடுதல் புள்ளிகளும் சேர்ந்து 21-15. அடுத்த உதையில் பந்தை ஸ்டிக்வேயே கைப்பற்றினார். ஆர்மி நகர்ந்து நகர்ந்து கோட்டுக்கு இரண்டு கெஜம் வரை வந்துவிட்டது. மிச்சம் ஒரே முயற்சி. ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் வாய்ப்புகள் தீர்ந்துபோயின. இரைச்சலில் ஸ்டிக்வேயின் குரல் சொந்த அணிக்கே கேட்கவில்லை. அவர் நடுவரைப் பார்த்துக் கை காட்டினார். ஒருமுறை கடிகாரம் நின்றது. மறுமுறை நிற்கவில்லை. கடைசி முயற்சியை ஆடாமலே ஆர்மி தோற்றது. நேவியிடம் தொடர்ந்து ஐந்தாவது தோல்வி.

நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்த நேவி, முதலிடத்து டெக்சஸை எதிர்க்க மறுபடி டல்லாஸ் போய் 6-28 என்று தோற்றது. ஸ்டாபாக்குக்கு அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருது கிடைத்தது. ஆனால் 1964இல் ஸ்டிக்வேயின் ஆர்மி 11-8 என்று நேவியை வென்றது.

1965இல் இருவரும் பட்டம் பெற்றார்கள். ஸ்டிக்வே வான்குடைப் படையோடு வியட்நாம் போனார். ஸ்டாபாக்கும் போனார், விநியோக அதிகாரியாக. கடற்படையிலிருந்து விடுபட்டு, 1969இல், இருபத்தேழு வயதில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் புதுமுகமாகச் சேர்ந்தார். அப்போது அந்த அணியின் சொந்த மைதானம் காட்டன் பவுல்.