வள்ளியின் பிறந்தகம்

ஆடிவேல் இரதம் கொழும்பு வீதியிலே உலாவரும் காலத்தில் நம்மவர் நெஞ்சமெல்லாம் கதிர்காமத்தை நாடும். அத்தலத்தின்மீது பக்தியால் மட்டுமன்றிக் குலத்தாலும் உரிமை பாராட்டும் மக்கள் இந்நாட்டிலே உளர். அவர்களே வேடர்.

கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் வள்ளிமலையைத் தொண்டைநாட்டிலே வைத்துப் பாடுகின்றது. இன்றும் வேலூர்ப் பக்கத்தில் அப்பெயருடைய மலை உண்டு. ஆயினும் ஈழத்து வேடரின் வாய்மொழி வேறு. கதிரமலையைச் சூழ்ந்த காட்டிலே, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்த குழவியைத் தம் முன்னோரே எடுத்து வளர்த்தனர் என்பர். பெண் கொடுத்த குலம் என்ற அவ்வுரிமையைக் கந்தபுராண ஏடு அவர்களுக்கு எழுதித் தரவில்லை.

ஏடு கூறாததைக் கோயில் வழக்கம் கூறுகின்றது. அங்கே பூசை செய்யும் கப்புறாளைமார் தம்மை வேடர் வழியினர் என்பர். வாயை வெண்துணியாற் கட்டி, மந்திரமின்றி மௌனமாகவே வழிபாடு ஆற்றுவர். தெய்வயானை அம்மைக்கும் அங்கே கோயிலுண்டு. ஆனால் திருவிழா இரவுகளில் யானைமேல் எழுந்தருளும் பேழை செல்வதோ வள்ளியம்மை சந்நிதிக்கே!

செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வேடர் வேட்டைக்குப் புறப்படுமுன் ‘கந்தே யக்கா’வுக்குப் படையலிடுவதைக் குறித்துள்ளனர். முன்னொருகால் வாழ்ந்து மறைந்த பெருவேட்டுவனின் ஆவியே அவன் என்பது அவர்தம் நம்பிக்கை. ஒலியொப்புமை கண்டு அவனே நம் கந்தன் என விரைந்து துணிதல் தகாது. சிங்களத்தில் ‘கந்த’ என்பது மலையையும் குறிக்கும் அன்றோ?

நியூசிலாந்திலே நய் தகு என்னும் மவோரி குலத்தார், அயோராக்கி மலையைத் தம் மூதாதை எனப் போற்றுவர். வானத்தந்தையின் மைந்தர் ஏறிவந்த ஓடம் கவிழ, அவர்கள் கல்லாய்ச் சமைந்தனர் என்பது கதை. அதனை அந்நாட்டுப் பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டுச் சட்டமொன்றிலேயே பொறித்து வைத்தது.

ஈண்டு நடந்ததோ வேறு. 1983ஆம் ஆண்டில் மதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது, தம்பானைப் பக்கத்து வேடர் பலர் காட்டைவிட்டுக் குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். வேட்டையும் தேனெடுத்தலும் குற்றமாயின. வேட்டை ஒழிந்தபின் வேட்டைக்கு முன் இடும் படையலுக்கு வேலையேது? படையல் நின்றால் அதனோடு ஓதும் பாட்டும் பேரப்பிள்ளைகள் செவிக்கு எட்டாது.

கிழக்குக் கரையில் வாகரைப் பக்கத்து வேடரோ தமிழ் பேசுவோர். குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்வோர். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் நோக்கி நடக்கும் அடியார் அக்கரை வழியே செல்கின்றனர். அவர்களுள் இளைஞர் சிலர் ஓரிரு நாள் அங்கே தங்கி, முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதலாம். உரையாட மொழித்தடையும் இல்லை.