பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் 2023 பருவம்

பிலடெல்பியா ஈகிள்ஸ் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிலடெல்பியா நகரைச் சேர்ந்த தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து அணி. 1933இல் தொடங்கப்பட்ட இவ்வணி தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பில் (என்.எஃப்.எல்.) ஆடிவருகிறது. 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் முதல் 11 ஆட்டங்களில் 10 வெற்றிகளைப் பெற்று, சாம்பியன் பட்டம் வெல்லக்கூடிய அணி என்று இது பேசப்பட்டது. அதன் பின்னர் ஆடிய 7 ஆட்டங்களில் 6 தோல்விகளைச் சந்தித்து, பிந்தைய பருவத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. இந்தச் சரிவை ‘திடீர் வீழ்ச்சி’ என்று பலரும் குறிப்பிடுவர். ஆட்ட முடிவுகளை வரிசையாகப் பார்த்தால், வீழ்ச்சிக்கான அறிகுறிகள் வெற்றி பெற்ற நாட்களிலேயே இருந்தது தெரியவரும்.

ஆட்டமுறை: ஒரு சிறு விளக்கம்

அமெரிக்கக் காற்பந்தில் தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் வழங்கப்படும். அதற்குள் பந்தைக் குறைந்தது 10 யார்டு முன்னே கொண்டுசென்றால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது டச் டவுன். இதற்கு 6 புள்ளிகள். கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்புவது பீல்டு கோல். இதற்கு 3 புள்ளிகள். தாக்குதலை வழிநடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் எறியும் பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது இடைமறிப்பு எனப்படும். ஒவ்வொரு அணியிலும் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தாக்குதலுக்கு ஒருவரும் தடுப்பாட்டத்துக்கு ஒருவரும் ஒருங்கிணைப்பாளர்களாக இருப்பர். ஒவ்வொரு முறையும் எந்த உத்தியைக் கையாள்வது என்று சொல்லி அனுப்பும் பொறுப்பு பெரும்பாலும் இவர்களுடையது.

பின்னணி

2022 பருவத்தில் ஈகிள்ஸ் 17 ஆட்டங்களில் 14இல் வென்றது. அவ்வாண்டு அதன் தடுப்பாட்ட வீரர்கள் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைப் பந்தை எறிவதற்கு முன்பே 70 முறை தரையில் வீழ்த்தினர். 2023 பிப்ரவரி 12 அன்று நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியிடம் 35–38 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஆட்டத்தில் சிறப்பாக ஆடிய குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு ஏப்ரல் மாதம் ஐந்து ஆண்டுகளுக்கு 25.5 கோடி டாலர் மதிப்புள்ள புதிய ஒப்பந்தம் வழங்கப்பட்டது.

ஆனால் அந்த வெற்றிகளுக்குத் துணைநின்ற பலர் அணியை விட்டுச் சென்றனர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஷேன் ஸ்டைக்கன் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கும், தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் ஜோனதன் கேனன் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகச் சென்றனர். 2022இல் ஈகிள்ஸுக்கு ஆலோசகராக இருந்த அனுபவசாலி விக் ஃபாங்கியோ, கேனனின் இடம் காலியாவதற்கு முன்பே மயாமி டால்பின்ஸ் அணியில் சேர உடன்பட்டிருந்தார். தலைமைப் பயிற்சியாளர் நிக் சிரியானி, தாக்குதல் பொறுப்பை பிரையன் ஜான்சனுக்கும் தடுப்பாட்டப் பொறுப்பை ஷான் தேசாய்க்கும் அளித்தார்.

வீரர்களிலும் இழப்பு இருந்தது. தடுப்பாட்டத்தின் நடுவரிசையில் ஆடிய டி.ஜே. எட்வர்ட்ஸ், கைசிர் வைட் ஆகிய இருவரும், பின்வரிசையைக் காத்த சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன், மார்கஸ் எப்ஸ் ஆகிய இருவரும், முன்வரிசையின் ஜேவன் ஹார்கிரேவும் வேறு அணிகளுக்குச் சென்றனர். ஒரே ஆண்டில் தடுப்பாட்டத்தின் முதுகெலும்பு மாறிவிட்டது.

வெற்றிக் காலம்

பருவம் செப்டம்பர் 10 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு எதிராக 25–20 என்ற வெற்றியுடன் தொடங்கியது. முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஈகிள்ஸ் வென்றது. அக்டோபர் 15 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியிடம் 14–20 என்று தோற்றது. அதற்கு முன் ஜெட்ஸ் அணி தன் வரலாற்றில் ஈகிள்ஸை ஒருமுறைகூட வென்றதில்லை. அன்று ஹர்ட்ஸ் எறிந்த மூன்று பந்துகள் இடைமறிக்கப்பட்டன.

அதற்குப் பின் அணி மீண்டும் ஐந்து ஆட்டங்களில் தொடர்ந்து வென்றது. குறுகிய தூரம் தேவைப்படும்போது ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து சக வீரர்கள் தள்ளிக் கொண்டுசெல்லும் ‘டஷ் புஷ்’ என்ற உத்தி எதிரணிகளுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. நடுவில் ஜேசன் கெல்சி முன்னே இடித்துச் செல்ல, அதைத் தடுக்க வழி தெரியாமல் பல அணிகள் திணறின. இதைத் தடைசெய்ய வேண்டுமா என்ற விவாதமே எழுந்தது.

நவம்பர் 20 அன்று மழையில் நடந்த ஆட்டத்தில், முந்தைய இறுதியாட்டத்தில் தங்களைத் தோற்கடித்த சீஃப்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 21–17 என்று ஈகிள்ஸ் வென்றது. ஆறு நாட்கள் கழித்து பஃபலோ பில்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், வழக்கமான நேரம் முடியும் தறுவாயில் ஜேக் எலியட் மழையில் 59 யார்டு தூரத்திலிருந்து பீல்டு கோல் உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்ட்ஸ் 12 யார்டு ஓடி டச் டவுன் எடுக்க, ஈகிள்ஸ் 37–34 என்று வென்றது. 11 ஆட்டங்களில் 10 வெற்றி என்பது அப்போது கூட்டமைப்பிலேயே சிறந்த நிலை.

வெற்றிகளின் உள்ளே

இந்த 10 வெற்றிகளையும் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஏழு வெற்றிகள் 7 புள்ளிகளோ அதற்குக் குறைவாகவோ உள்ள வேறுபாட்டில் கிடைத்தவை. அவற்றுள் இரண்டு கூடுதல் நேரத்தில் வந்தவை. அக்டோபர் 1 அன்று வாஷிங்டன் கமாண்டர்ஸ் வழக்கமான நேரத்தின் கடைசி நொடியில் டச் டவுன் எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தது; கூடுதல் நேரத்தில் எலியட் உதைத்த 54 யார்டு பீல்டு கோல்தான் ஈகிள்ஸைக் காப்பாற்றியது. நவம்பர் 5 அன்று டாலஸ் கவ்பாய்ஸின் கடைசி முயற்சி எல்லைக் கோட்டுக்குச் சில யார்டு தூரத்தில் நின்றுபோனது. சீஃப்ஸ், பில்ஸ் ஆகிய இரு அணிகளுக்கு எதிராகவும் இடைவேளையின்போது ஈகிள்ஸ் 7–17 என்று பின்தங்கியிருந்தது. சீஃப்ஸ் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் கைக்கு வந்த பந்தைத் தவறவிடாமல் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம்.

நெருக்கமான ஆட்டங்களை வெல்வதற்கும் திறமை வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு வாரமும் நூலிழையில் தப்பும் அணிக்கு, அந்த நூலிழை ஒருநாள் அறுந்துபோகும் வாய்ப்பும் உண்டு.

சரிவு

டிசம்பர் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணி பிலடெல்பியாவுக்கு வந்தது. ஈகிள்ஸ் 6–0 என்று முன்னிலை பெற்றது. அதன் பின் 49ர்ஸ் தொடர்ந்து ஆறு வாய்ப்புகளில் ஆறு டச் டவுன்களை எடுத்து 42–19 என்று வென்றது. அடுத்த வாரம் டாலஸில் 13–33 என்ற தோல்வி. அந்த ஆட்டத்தில் ஈகிள்ஸின் தாக்குதல் பிரிவு ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. கிடைத்த ஒன்றும் தடுப்பாட்ட வீரர் ஜேலன் கார்ட்டர் எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்து ஓடியதால் வந்தது.

இதையடுத்து சிரியானி ஒரு பெரிய முடிவெடுத்தார். தடுப்பாட்ட உத்திகளை அழைக்கும் பொறுப்பைத் தேசாயிடமிருந்து எடுத்து, அணியில் உதவியாளராக இருந்த மேட் பாட்ரிசியாவிடம் கொடுத்தார். பாட்ரிசியா முன்பு பேட்ரியட்ஸ் அணியில் இருந்து பட்டம் வென்றவர். ஆயினும் பருவத்தின் நடுவே பொறுப்பை மாற்றியதால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

டிசம்பர் 18 அன்று சியாட்டிலில் நடந்த ஆட்டமே திருப்புமுனை எனலாம். ஹர்ட்ஸ் உடல்நலக் குறைவுடன் ஆடினார். எதிரணியான சீஹாக்ஸின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆடவில்லை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது ஈகிள்ஸ் 17–13 என்று முன்னிலையில் இருந்தது. மாற்று வீரர் ட்ரூ லாக், தன் அணியை 92 யார்டு தூரம் நடத்திச் சென்று, 28 நொடிகள் மீதமிருக்க வெற்றி டச் டவுனை எறிந்தார். மீதமிருந்த நொடிகளில் ஹர்ட்ஸ் எறிந்த பந்து இடைமறிக்கப்பட்டது. முன்பெல்லாம் ஈகிள்ஸுக்குச் சாதகமாக முடிந்த அதே வகை ஆட்டம், இம்முறை 20–17 என்று எதிராக முடிந்தது.

கிறிஸ்துமஸ் நாளில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியை 33–25 என்று வென்றது சிறு ஆறுதல். டிசம்பர் 31 அன்று, அதுவரை 3 வெற்றிகள் மட்டுமே பெற்றிருந்த அரிசோனா கார்டினல்ஸ் பிலடெல்பியாவுக்கு வந்தது. அதன் தலைமைப் பயிற்சியாளர், ஓராண்டுக்கு முன் ஈகிள்ஸின் தடுப்பாட்டத்தை நடத்திய அதே கேனன். இடைவேளையில் 21–6 என்று ஈகிள்ஸ் முன்னிலை. இரண்டாம் பாதியில் கிடைத்த நான்கு வாய்ப்புகளிலும் டச் டவுன் எடுத்து அரிசோனா 35–31 என்று வென்றது. பிரிவுப் பட்டம் ஈகிள்ஸின் கையை விட்டு நழுவியது.

2024 ஜனவரி 7 அன்று ஜயண்ட்ஸிடம் 10–27 என்று தோற்று, 11 வெற்றி, 6 தோல்வியுடன் வழக்கமான பருவம் முடிந்தது. பிரிவுப் பட்டத்தை டாலஸ் பெற்றது. ஜனவரி 15 அன்று பிந்தைய பருவத்தின் முதல் சுற்றில் டாம்பா பே பக்கனியர்ஸ் அணி ஈகிள்ஸை 32–9 என்று வீழ்த்தியது. செப்டம்பரில் இதே மைதானத்தில் இதே அணியை ஈகிள்ஸ் 25–11 என்று வென்றிருந்தது. ஜனவரி ஆட்டத்தில் ஒன்பது முறை மூன்றாம் முயற்சிக்கு வந்தும் ஒருமுறைகூடத் தேவையான தூரத்தைக் கடக்க முடியவில்லை. டச் டவுனுக்குப் பின் கூடுதலாக இரு புள்ளிகள் பெற ஒரு யார்டு தூரத்திலிருந்து முயன்ற டஷ் புஷ்ஷும் தடுக்கப்பட்டது.

எண்கள் காட்டுவது

- முதல் 11 ஆட்டங்கள்: எடுத்த புள்ளிகள் 310, கொடுத்தவை 246.
- கடைசி 6 வழக்கமான ஆட்டங்கள்: எடுத்த புள்ளிகள் 123, கொடுத்தவை 182.
- 17 ஆட்டங்களும் சேர்ந்து: எடுத்தவை 433, கொடுத்தவை 428.

ஓர் ஆட்டத்துக்குக் கொடுத்த புள்ளிகளின் சராசரி ஏறத்தாழ 22இலிருந்து 30 ஆக உயர்ந்தது. எடுத்த புள்ளிகளின் சராசரி 28இலிருந்து 20.5 ஆகக் குறைந்தது. எனவே தடுப்பாட்டம் மட்டுமே காரணம் என்பது முழு உண்மையன்று. இரு பிரிவுகளும் ஒருசேரத் தளர்ந்தன. முந்தைய ஆண்டு 70 ஆக இருந்த குவார்ட்டர்பேக் வீழ்த்தல்கள் 43 ஆகின. ஹர்ட்ஸின் பந்துகள் இடைமறிக்கப்பட்டது 6 முறையிலிருந்து 15 முறையாக உயர்ந்தது. பருவம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து புள்ளிகள் மட்டுமே கூடுதலாக எடுத்த ஓர் அணி 11 ஆட்டங்களில் வென்றது என்பதே, அந்த வெற்றிகள் எவ்வளவு மெல்லியவை என்பதற்குச் சான்று.

பின்விளைவுகள்

பிலடெல்பியா ரசிகர்கள் தங்கள் அணியை வெளிப்படையாகவே விமரிசிப்பவர்கள். சிரியானி நீக்கப்படுவார் என்ற பேச்சு பரவலாக எழுந்தது. அணி உரிமையாளர் ஜெஃப்ரி லூரி அவரைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால் ஜான்சன், தேசாய், பாட்ரிசியா மூவரும் விலகினர். முன்பு கைநழுவிப்போன விக் ஃபாங்கியோ தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராகவும், கெல்லன் மூர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராகவும் வந்தனர். 13 பருவங்கள் இவ்வணிக்காக மட்டுமே ஆடிய ஜேசன் கெல்சியும், 12 பருவங்கள் ஆடிய ஃபிளெட்சர் காக்ஸும் 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றனர். இருவருக்கும் டாம்பா தோல்வியே கடைசி ஆட்டமாயிற்று. ஜயண்ட்ஸிலிருந்து வந்த சேக்வான் பார்க்லி 2024 பருவத்தில் 2,005 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில் ஈகிள்ஸ் சீஃப்ஸை 40–22 என்று வென்று பட்டம் பெற்றது.

மதிப்பீடு

10–1 என்று தொடங்கிச் சரிந்த அணி ஈகிள்ஸ் மட்டுமன்று. 1986இல் நியூயார்க் ஜெட்ஸ் இதேபோல் தொடங்கி, வழக்கமான பருவத்தின் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. வெற்றி தோல்விக் கணக்கு ஓர் அணியின் நிலையைச் சொல்லும். அதன் பலத்தை முழுமையாகச் சொல்லாது. 2023 ஈகிள்ஸ் அணியின் குறைகள் நவம்பர் மாதத்திலேயே இருந்தன. வெற்றிகள் தொடர்ந்தவரை அவற்றைச் சரிசெய்ய வேண்டிய கட்டாயம் எழவில்லை. கட்டாயம் எழுந்தபோது பருவம் முடியும் நிலையில் இருந்தது. அடுத்த ஆண்டு ஒருங்கிணைப்பாளர்களையும் ஆட்டமுறையையும் மாற்றத் துணிந்ததற்கு அந்தக் கசப்பான ஏழு வாரங்களே காரணமாயின.