பணியிட உடற்பயிற்சியும் பணியாளர் மனநலமும்

பணியிடத்திலேயே, பணி நேரத்தின் இடையிலோ அதற்கு முன்னும் பின்னுமோ மேற்கொள்ளும் நடை, தசை நீட்சி, யோகாசனம் முதலியவை பணியிட உடற்பயிற்சி எனப்படும். ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் ஊக்குவித்துவரும் ஐந்து நிமிட 'யோகா இடைவேளை' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தாடாசனம், கடிசக்ராசனம் போன்ற எளிய ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் சிறிது நேரத் தியானமும் அதில் அடங்கும்.

மனத்திற்கு எவ்வாறு உதவுகிறது?

சீரான உடலியக்கம் மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் குறைக்கிறது, உறக்கத்தை மேம்படுத்துகிறது. நெடுநேரம் அமர்ந்திருப்பதால் வரும் கழுத்துவலியும் முதுகுவலியும் தணியும்போது எரிச்சல் குறைந்து, வேலையில் மனம் ஊன்றுவது எளிதாகிறது. உடன் பணிபுரிவோருடன் சேர்ந்து நடப்பது தனிமை உணர்வைப் போக்கவும் உதவும்.

ஆயினும் இதன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். பணியிட மனநலம் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், பணியாளர்களுக்கு உடற்பயிற்சி வாய்ப்பளிப்பதைப் 'பரிசீலிக்கலாம்' என்ற அளவிலேயே பரிந்துரைக்கிறது. மிகையான பணிச்சுமை, மேலதிகாரியின் கடுஞ்சொல், போதிய ஓய்வின்மை ஆகியவற்றை எந்த ஆசனமும் சரிசெய்யாது. விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்துவதும், உணவு இடைவேளையைப் பறித்துப் பயிற்சி நடத்துவதும் எதிர்விளைவையே தரும்.

"நாள் முழுதும் உடலுழைப்புதானே, தனியாகப் பயிற்சி எதற்கு?" எனச் சிலர் கேட்பதுண்டு. சுமை தூக்குவதும் நின்றுகொண்டே இருப்பதும் ஓய்வுநேர உடற்பயிற்சிக்கு ஈடாவதில்லை. கடைகளில் நின்று பணிபுரிவோருக்கு முதல் தேவை அமர்ந்து இளைப்பாறும் வசதியே. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிப்பதைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் வழியே கட்டாயமாக்கியுள்ளது.

சிகிச்சையில் இருப்பவர்கள் கவனத்திற்கு

மனச்சோர்வு, பதற்ற நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், பயிற்சியால் நலமடைவதாக உணர்ந்தாலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. சில மனநல மருந்துகள் திடீரென எழும்போது தலைச்சுற்றலை உண்டாக்கும். எனவே அமர்ந்த நிலையிலிருந்து மெதுவாக எழவும். லித்தியம் உட்கொள்வோர் வெயிலில் கடும் பயிற்சியைத் தவிர்க்கவும்; மிகுதியாக வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். இதயநோய், கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தம், மூட்டு அல்லது முதுகெலும்புப் பாதிப்பு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே தொடங்க வேண்டும்.

பெரியோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. நீண்ட விடுப்பிற்குப் பின் பணிக்குத் திரும்புபவர் இவ்வளவையும் உடனே எட்ட முயல வேண்டியதில்லை. மதிய உணவிற்குப் பின் ஐந்து நிமிட நடையே நல்ல தொடக்கமாகும்.

பராமரிப்பாளர்களுக்கு

எதிலும் நாட்டமின்மை மனச்சோர்வின் அறிகுறி. அது சோம்பல் அன்று. "உடற்பயிற்சி செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" எனக் கூறுவது குற்ற உணர்வையே வளர்க்கும். அழைப்பதைவிட உடன் நடப்பது பயன்தரும்.

துயரமோ ஆர்வமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், உறக்கமும் பசியும் கெட்டாலும் மருத்துவரை அணுகவும். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியே விடாமல் உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். 14416 என்ற டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.