பெங் ஷுவாய் விவகாரம்

சீன டென்னிஸ் வீராங்கனை பெங் ஷுவாய், முன்னாள் துணைப் பிரதமர் சாங் காவ்லி தம்மைப் பாலுறவுக்கு வற்புறுத்தியதாக 2021 நவம்பர் 2 அன்று சீனச் சமூக ஊடகமான வெய்போவில் எழுதினார். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பதிவு மறைந்தது. அது குறித்த தேடல்களும் முடக்கப்பட்டன. இங்கே தணிக்கை அழித்தது குற்றச்சாட்டை மட்டுமன்று, அதை விசாரித்து உண்மையறியும் வாய்ப்பையும்தான். 2022 பிப்ரவரியில் பிரெஞ்சு நாளிதழ் லெக்கிப்புக்கு அளித்த பேட்டியில், தாம் எவர்மீதும் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டவில்லை என்று அவரே கூறியதால் விவகாரம் முடிந்தது எனச் சிலர் வாதிடலாம். ஆனால் கேள்விகள் முன்கூட்டியே பெறப்பட்டன. மொழிபெயர்த்தவர் சீன ஒலிம்பிக் குழு அதிகாரி. அச்சமின்றிப் பேசும் சூழல் உறுதியாகாதவரை அம்மறுப்பைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இவ்விவகாரத்தை முன்னிட்டுச் சீனப் போட்டிகளை நிறுத்திவைத்த மகளிர் டென்னிஸ் சங்கம், தான் கோரிய விசாரணை நடக்காமலேயே 2023இல் சீனாவுக்குத் திரும்பியது. வெளியார் அழுத்தம் தேவைதான். எனினும் சுதந்திரமான நீதிமன்றத்துக்கும் ஊடகத்துக்கும் அது ஈடாகாது.